ஓரிதழ்தாமரை இருக்கும் இடம்

பெயரில் தாமரை இருந்தால் குளத்தில்தான் இருக்குமாம். என் கணவர் பஸாலின் தீர்ப்பு அது. தாவரவியல் படிப்பிக்கிறவள் நான், கல்முனையில் டயர்க் கடை வைத்திருப்பவர் அவர். ஆனாலும் நற்பிட்டிமுனைப் பக்கக் குளமொன்றில் முழங்கால்வரை இறங்கி, ஒற்றை இதழ்த் தாமரையைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் ஆள் ஓய்ந்தார்.

"அது விரல் நகமளவு பூ மச்சான். காட்டு நிழல்ல, மணல் தரையில முளைக்கிற."

"இத முதல்லயே சொன்னா என்ன?"

சொன்னேன். மூன்று தரம் சொன்னேன். கேட்டால்தானே!

கோமாரி ஊரைத் தாண்டிக் காட்டோரமாக மோட்டார் சைக்கிளை நிறுத்தினோம். நான் ஒரு மணி நேரம் குனிந்து தேட, அவர் பாலை மரத்தடியில் குந்தி, மீன் வைத்த மாலு பணிஸ் தின்றார்.

"அந்தா புள்ள!" என்று திடீரென்று கத்தினார்.

அவருடைய செருப்புக்குப் பக்கத்தில் இளஞ்சிவப்பாய் ஒரேயொரு இதழ், குழந்தை நாக்கை நீட்டுவதுபோல. தேடியவள் நான், கண்டது அவர். வயிற்றெரிச்சலோடு போனில் படம் பிடித்தேன்.

"பேஸ்புக்ல போடக்குள்ள என்ட பேரயும் போடணும், ஓமா?"

போட்டேன்: கண்டெடுத்தவர், கல்முனை பஸால். இடத்தை மட்டும் எழுதவில்லை. எழுதினால் மறுநாளே வேரோடு பிடுங்கிவிடுவார்கள். ஏன் பிடுங்குவார்கள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு ஓடி வந்தார்.

"அது ஆம்பிளையள்ற பலத்துக்கு மருந்தாமே! 'என்ன பஸால், ஒனக்கா?' எண்டு கடைக்கு வாறவனெல்லாம் கேக்கான். என்ட மானம் கப்பலேறிட்டு. பேர அழி புள்ள!"

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பாவமாகவும் இருந்தது. சரி, அழிப்போம் என்று போனை எடுத்தேன். அதற்குள் அவருடைய போன் அடித்தது. கடையில் கேலி பண்ணியவர்களில் ஒருவர்தான், குரலைத் தாழ்த்திக் கதைத்தார்.

"ஒருத்தருக்கும் சொல்லாத. அந்தப் பூ எங்க கிடக்கு?"

அஸர் தொழுகைக்கு முன் ஏழு பேர் இப்படிக் கேட்டுவிட்டார்கள். ஏழாவது ஆளுக்கு "சொல்ல ஏலா" என்றபோது பஸால் கால்மேல் கால் போட்டிருந்தார்.

"பேர் கிடக்கட்டும், அழிக்காத," என்றார் என்னிடம்.

எட்டாவது அழைப்புக்கு எழுந்தே நின்றுவிட்டார். "ஓம் மாமா... ஓம், ஓம்..." என்று பவ்வியமாகக் கதைத்தவர், போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒன்ட வாப்பா. எடம் கேக்கார். கூட்டாளி ஒராளுக்காம்."

அல்லாஹ்வே! பேரை மட்டுமல்ல, பதிவையே அழித்துவிட்டேன்.