ஒரே சார்ட்டில் இரண்டு பேருக்கு

"ஜெராக்ஸ் எடுத்து நீ வச்சுக்கடி! கையால எழுதுனது எனக்குத்தான்!"

"ஏன், ஒம் பேரு மட்டுமா அதுல இருக்கு?"

அன்னாளும் நாகஜோதியும் போட்ட சத்தத்தில், வெஞ்சனத்தை அடுப்பிலேயே விட்டுவிட்டு எதிர்வீட்டுக்கு ஓடினேன். சண்டையை விலக்கத்தான், வேறெதற்கு?

எங்கள் தெரு நர்சரிப் பள்ளியில் மூன்று டீச்சர்கள். கல்யாணம் நிச்சயமாகி, 97 ஏப்ரலோடு இவர்கள் இரண்டு பேரும் வேலையை விட்டார்கள். மூன்றாமவள், எதிர்வீட்டு மரியசெல்வி, பிரிவுக் கவிதை எழுதினாள். சார்ட் பேப்பரில், ஸ்கெட்ச் பேனாவால், இருபது வரி. ஆளுக்கொன்றாக எழுதித் தொலைத்திருக்கலாம். இருவருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று.

"ஒரே நாளில் இருவர் கிளம்பினால்
எந்தப் பக்கம் பார்த்துக் கையசைப்பேன்?"

படித்ததும் எனக்கே வயிறு எரிந்தது. இருபது வருசமாக இந்தத் தெருவில் இருக்கிறேன். எவளும் ஒரு துண்டுச்சீட்டு எழுதித் தந்ததில்லை.

அன்னாள் ஒன்றாம் வகுப்பிலிருந்து மரியசெல்வியோடு படித்தவள். நாகஜோதி வந்து மூன்றே வருசம்.

"நேத்து வந்தவளுக்கும் எனக்கும் ஒரே பாட்டாடி?"

மரியசெல்வி ஸ்கெட்ச் பேனாக்களுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தாள். அதுதான் அன்னாளுக்குத் தாங்கவில்லை.

நான் கத்திரிக்கோலை நீட்டினேன். "ஆளுக்குப் பாதியா வெட்டிக்கங்கடி."

அன்னாள் ஞாயிறுதோறும் மாதா கோவிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி என்று பைபிள் கதை சொல்லிக்கொடுப்பவள். ஒரு குழந்தைக்கு இரண்டு தாய்கள் அடித்துக்கொள்ள, வெட்டிக் கொடு என்ற ராஜாவின் கதை அவளுக்கு மனப்பாடம். விட்டுக்கொடுத்தவளுக்குத்தான் அதில் பிள்ளை கிடைக்கும்.

"ஐயோ, வெட்டாதீகக்கா! அவளே வச்சுக்கட்டும்!" என்று விம்மினாள். ஓரக்கண் மட்டும் மரியசெல்வி மேலேயே இருந்தது.

நாகஜோதிக்கு அந்தக் கதை தெரியாது. "நெசமாவா? தேங்க்ஸ்டி!" சார்ட்டைச் சுருட்டி ரப்பர் பேண்டைப் போட்டாள். சொந்த ஊர் தொப்பம்பட்டிக்குப் பஸ் பிடிக்கக் கிளம்பியே விட்டாள்.

அன்னாள் வாசலையே பார்த்தபடி நின்றாள். "நீ எதுவும் சொல்ல மாட்டியா? விட்டுக்குடுத்தது நானு."

"கதையில தீர்ப்பு சொல்ல ராஜா இருந்தாரு" என்றாள் மரியசெல்வி. "இங்க எதிர்வீட்டு அக்காதான இருக்காக. அவளுக்கு வேணும், எடுத்துக்கிட்டா. நீ வேணாம்னுட்ட."

ஜூனில் கோவிலில் அன்னாளுக்குக் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். செம்பட்டி பிராங்கிளினைக் கட்டிக்கொண்டு போனாள். தெரு முழுக்கப் பத்திரிகை வந்தது, மரியசெல்வி வீட்டைத் தவிர. நாகஜோதி பழனிக்குமாரைக் கட்டி ஒட்டன்சத்திரத்தில் இருக்கிறாள். மரியசெல்வி 2001இல் ரொனால்டைக் கட்டினாள். அவனுக்கும் செம்பட்டிதான், அன்னாள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி.