நேற்று சாயங்காலத்திலிருந்து

அக்காவைக் கல்லூரியில் சேர்க்கக் கிளம்பிய காலையில், அப்பாவின் குட்டியானை சரக்கு வண்டியில் அவளுடைய பெட்டியை ஏற்றுவதற்கு முன்பே ஜமாலுதீன் மாமாவைத் தூக்கிப் படுக்கவைக்க வேண்டியதாகிவிட்டது.

மாமா எங்களுக்கு அடுத்த வீடு. கீரப்பாளையத்தில் கறிக்கடை வைத்திருக்கிறார். கடையில் நின்று பேசினால் பஸ் ஸ்டாப் வரை கேட்கிற குரல். அன்று அவருக்குக் குரலே எழவில்லை. சட்டை வேர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ருக்கையா மாமி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். அக்காவும் நானும் அவர் கால்மாட்டில் உட்கார்ந்தோம். அம்மா முன்னால், சான்றிதழ்கள் இருந்த பையோடு. ஆஸ்பத்திரியும் சிதம்பரத்தில்தான், அக்காவுக்கு இடம் கிடைத்த மருத்துவக் கல்லூரியும் அங்கேதான், ஒரே வளாகத்தில். சேருவதற்கு அன்றுதான் கடைசி நாள். சாயங்காலம் ஐந்து மணிக்குள் போகாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

அக்கா பெயர் இளமதி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில் அவளுக்கு இடம் கிடைத்த நாளிலிருந்தே எங்கள் தெருவுக்கு அவள் டாக்டர். மூட்டுவலி, சர்க்கரை, பிள்ளைக்குச் சளி என்று ஒவ்வொருவராக வந்தார்கள். அம்மா நாற்காலி எடுத்துப் போட்டாள். “நான் இன்னும் காலேஜ் வாசலையே மிதிக்கல” என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். சும்மா கையைத் தொட்டுப் பார், ராசியான கை என்றார்கள். நாலு பேர் முன்னால் மறுத்துப் பேச அவளுக்கு வராது. தொட்டுப் பார்ப்பாள். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி அனுப்புவாள்.

முந்தின நாள் சாயங்காலம், மஹ்ரிப் தொழுதுவிட்டு வந்த மாமா நெஞ்சைத் தடவிக்கொண்டே எங்கள் வாசற்படியில் உட்கார்ந்தார். நடு நெஞ்சில் எதையோ வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்றார். மாமி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கூப்பிட்டார். பக்கத்து வீட்டில் டாக்டரை வைத்துக்கொண்டு சிதம்பரத்துக்கு எதற்குப் போக வேண்டும் என்று மாமா சிரித்தார். அக்கா அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள். எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

“கேஸா இருக்கும் மாமா” என்றாள்.

அம்மா சோடா வாங்கிவந்து கொடுத்தாள். மாமா பெரிதாக ஏப்பம் விட்டார். டாக்டரம்மா சொன்னால் தப்பாகுமா என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனார். வலி போகவே இல்லை. ராத்திரி முழுக்க அதை வெளியே சொல்லாமல் புரண்டுகொண்டிருந்தார் என்பது மாமிக்கே காலையில்தான் தெரிந்தது.

வண்டி புவனகிரி சாலையில் குலுங்கிப் போய்க்கொண்டிருந்தது. மாமி திடீரென்று அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

“நேத்து நடந்தத அங்க யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது. காலையிலதான் வலி வந்துச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். உன் பேரு அடிபட்டா சீட்டப் புடுங்கிருவாங்கடி.”

அப்படியெல்லாம் பிடுங்க மாட்டார்கள் என்று எங்களில் யாருக்கும் அப்போது தெரியாது. அக்கா கையை விடுவித்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் என் காதருகே குனிந்து, “நான் சேரல” என்றாள். “தெரியாதுன்னு ஒரு வார்த்த என் வாயில வரல பாரு. நான்லாம் எதுக்கு டாக்டருக்குப் படிக்கணும்?”

அவசர சிகிச்சைப் பிரிவில் மாமாவின் நெஞ்சில் வயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். மாரடைப்புதான் என்றார் டூட்டி டாக்டர். சின்ன வயதுப் பெண்மணி, நடந்துகொண்டேதான் பேசினார். வலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டதற்கு மாமி, காலையில் ஏழு மணிக்கு என்றார். அது ஆஸ்பத்திரிச் சீட்டில் ஏறியது. அக்கா சுவரோடு ஒட்டி நின்றாள்.

அதற்குள் மாமியின் தம்பி அன்வர் கடலூர் துறைமுகத்திலிருந்து பைக்கில் வந்து சேர்ந்துவிட்டார். டாக்டர் அவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னதை நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

“ரத்தக் கட்டியைக் கரைக்க ஒரு ஊசி இருக்கு. வலி வந்த உடனே வந்தவுங்களுக்கு அது நல்லா வேலை செய்யும். ரொம்ப நேரம் கழிச்சுப் போட்டா பலன் கம்மி, எங்கயாவது ரத்தம் கசியற ஆபத்து ஜாஸ்தி. காலையில ஏழு மணிக்குத்தான? அப்போ இப்பவே போட்டுடலாம். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க.”

அன்வர் பேனாவை வாங்கினார். நான் மாமியைப் பார்த்தேன். மாமி முக்காட்டு நுனியை வாயில் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். வாயைத் திறப்பார் என்று ஒரு நொடி நினைத்தேன். அவர் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

“இல்ல” என்றாள் அக்கா.

அவ்வளவு மெதுவாகச் சொன்னதால் யாரும் திரும்பவில்லை. அவள் சுவரை விட்டு இரண்டடி முன்னால் வந்தாள்.

“டாக்டர், ஏழு மணி இல்ல. நேத்து சாயங்காலத்துலேருந்து வலி இருக்கு. விளக்கு வைக்கிற நேரத்துலேருந்து.”

டாக்டர் நின்றார். “நீங்க யாரு?”

“பக்கத்து வீடு.”

“நேத்தே ஏன் கூட்டிட்டு வரல?”

“நான் கேஸுன்னு சொன்னேன். தெரியாமதான் சொன்னேன். அவுரு நம்பிட்டாரு.”

அம்மா குறுக்கே புகுந்தாள். குழந்தை, இன்றைக்குத்தான் இங்கே டாக்டருக்குச் சேர வந்திருக்கிறது, அவசரத்தில் உளறுகிறது என்றாள். டாக்டர் அம்மாவைப் பார்க்காமல் மாமியைப் பார்த்தார். மாமியின் தலை மெல்ல ஆடியது. டாக்டர் நர்ஸிடம் ஊசியை நிறுத்தச் சொன்னார். மறுபடி ஒரு படம் எடுக்கச் சொல்லிவிட்டுப் பெரிய டாக்டருக்குப் போன் போட்டார். பிறகு வந்து, இந்த நேரத்துக்கு மேல் ஊசியை நம்ப முடியாது, புதுச்சேரிக்கு அனுப்புகிறோம், அங்கே குழாய் விட்டு அடைப்பை எடுப்பார்கள் என்றார். அக்காவிடம் நல்லது கெட்டது எதுவும் சொல்லவில்லை. அதற்கு அவருக்கு நேரமில்லை.

அன்வருக்கு நேரம் இருந்தது. ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் அக்கா எதிரிலேயே நின்றார்.

“எதுலம்மா டாக்டருக்குப் படிச்ச? யூடியூப்லயா? சோடா குடுத்தாளாம் சோடா. எங்க மச்சான் இன்னா பந்தியிலயா உக்காந்திருந்தாரு?”

அக்கா தலை குனியவில்லை, அழவும் இல்லை. அவர் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள். மாமி ஆம்புலன்ஸில் ஏறும்போது மட்டும் திரும்பி, “உனக்காகத்தான்டி சொன்னேன்” என்றார். கோபமா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. அன்வரும் ஏறியதும் கதவைச் சாத்தினார்கள்.

அதன்பிறகு நாங்கள் சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தோம். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. கல்லூரி அலுவலகம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தது. புதுப் பிள்ளைகள் அப்பா அம்மாவோடு போவதும் வருவதுமாக இருந்தார்கள். அம்மா கெஞ்சினாள், திட்டினாள், பையை அக்கா மடியில் வைத்தாள். அக்கா அதைத் திருப்பி வைத்தாள். அப்பா வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வற்புறுத்த வேண்டாம் என்று ஒரு தடவை மட்டும் அம்மாவிடம் சொன்னார்.

கடைசியில் அம்மா குரலைத் தணித்துக் கேட்டாள். “சரி. அவுரு பொழைச்சிட்டாருன்னு தகவல் வந்தா சேருவியா?”

அக்கா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

“பொழைச்சா சேருறது, செத்தா வீட்டுக்குப் போறதா? அது எப்படிம்மா? அவுரு உசுரையா நான் பந்தயம் கட்டுறது?”

“அப்ப இன்னாதான்டி சொல்ற?”

“வண்டியில வரும்போது என்னால முடியாதுன்னு நினைச்சேன். உள்ள அந்த டாக்டர்கிட்ட சொன்னப்ப கால் நடுங்குச்சு. ஆனா வாயில வார்த்த வந்துச்சு.” அலுவலகத்தைப் பார்த்தபடி, “இனிமேலும் நடுங்கும்போல” என்றாள்.

எழுந்து பாவாடையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். பையை அம்மாவிடமிருந்து அவளே எடுத்துக்கொண்டாள். அப்பா வண்டித் துணியை அப்படியே போட்டுவிட்டு அவள் பின்னால் நடந்தார்.

அலுவலக வாசலில் இன்னும் மூன்று பேர் வரிசையில் இருந்தார்கள். அக்கா கடைசியில் போய் நின்றாள். அப்போது என் கையிலிருந்த அவளுடைய போன் அடித்தது. அன்வர் பெயர் வந்தது. நீட்டினேன். அவள் அந்தப் பெயரைப் பார்த்தாள். ஆனால் வாங்கிக்கொள்ளவில்லை.

“நீ எடு. நான் கையெழுத்துப் போட்டுட்டு வந்து கேக்குறேன். எதுவா இருந்தாலும் அப்புறம் சொல்லு.”

நான் மரத்தடிக்கு ஓடிப்போய் எடுத்தேன். சைரன் சத்தத்தில் முதலில் எதுவும் புரியவில்லை.

“கடலூர் தாண்டிட்டோம்” என்று கத்தினார் அன்வர். “மூச்சு இருக்கு. கண்ணத் தொறந்து பாக்குறாரு. மீதி அங்க போனாத்தான் தெரியும். உங்கக்காகிட்ட நானா போன் போட்டுச் சொன்னதா சொல்லாத. அவ மேல எனக்கு இன்னும் கோவம்தான்.”

திரும்பிப் பார்த்தேன். வரிசையில் அக்கா இல்லை. உள்ளே போயிருந்தாள்.