ஆறு சக்கரப் பூட்டு

பெட்டி திறக்கவில்லை. வாசலில் வாடகைக் கார் ஹாரன் அடித்தது. சான்றிதழ் சரிபார்ப்புக்கு முக்கால் மணி நேரமே மிச்சம். தாமதமானால் கணக்கு ஆசிரியை வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவளுடைய சான்றிதழ்களோ, கணவன் நேற்று வாங்கி வந்த இரும்புப் பெட்டிக்குள் சொகுசாகப் படுத்திருந்தன.

"என்னங்க, என்ன நம்பர் வச்சீங்க?"

முன்னறைதான் அவனுடைய சைக்கிள் கடை. ஒரு சக்கரத்தைச் சுழற்றிக் கோணல் பார்த்துக்கொண்டிருந்தான். "உனக்குப் பிடிச்சதுதான் டீச்சர். வட்டக் கணக்குல வருமே, அந்தப் பையோட மதிப்பு. புள்ளிக்கு அப்புறம் வர்ற ஆறு எண்."

அவளுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. ஒன்று, நான்கு, ஒன்று, ஐந்து, ஒன்பது, இரண்டு என்று உருட்டினாள். பூட்டு அசைந்து கொடுக்கவில்லை. மறுபடி உருட்டினாள். ஊஹூம்.

"இவன் வாங்கினது எது உருப்படியா வேலை செஞ்சிருக்கு? சுத்தியலை எடும்மா" என்றாள் மாமியார்.

"கொஞ்சம் இருங்க அத்தை. ஏங்க, பையை எதுல பார்த்து வச்சீங்க?"

"பாக்குறது என்ன? இருபத்திரண்டை ஏழால வகுத்தேன். சக்கரத்துக்கெல்லாம் எனக்கு அதுதானே பை? ஒரு அட்டை பூரா வகுத்தேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அது பை இல்லைங்க, பைக்குப் பக்கத்து வீடு. பை விகிதமுறா எண். எந்தப் பின்னத்துலயும் அடங்காது. எவ்வளவு தூரம் போனாலும் ஒரே வரிசையையே பிடிச்சுக்கிட்டு சுத்தாது. நீங்க வகுத்தது வெறும் பின்னம், விகிதமுறு எண். ஆறு எண்ணைச் சொல்லிட்டு, மறுபடி முதல்லேர்ந்து அதையே சொல்லும்."

"எங்கம்மா மாதிரி."

"எனக்குக் காது நல்லாவே கேக்குதுடா" என்றாள் மாமியார்.

அவள் மனத்துக்குள் வகுத்துக்கொண்டே உருட்டினாள். ஒன்று, நான்கு, இரண்டு, எட்டு, ஐந்து, ஏழு. 'டக்'கென்று திறந்தது.

ஃபைலை எடுத்துக்கொண்டு ஓடியவளை வாசலில் அவன் அசடு வழிய மறித்தான். "ஆசையா வச்சேன், சொதப்பிட்டேன். நீ வர்றதுக்குள்ள சரியான பைக்கு மாத்திடறேன்."

"மாத்தினா தெரியும் சேதி. பையை எத்தனையோ பேர் மனப்பாடமா ஒப்பிப்பாங்க. எனக்காக உக்காந்து வகுத்தவர் நீங்க ஒருத்தர்தான்."

அவன் காது மடல் சிவந்தது. ஹாரன் மறுபடி அலறியது.

"கொஞ்சினது போதும்" என்றாள் மாமியார், கார்க் கதவைத் திறந்து பிடித்தபடி. "வேலையை வாங்கிட்டு வந்து மிச்சத்தைப் பேசிக்கோங்க."