பிடரியில் ஒரு சிலுவை

புனித ரொக்கோ திருவிழாவுக்கு இன்னும் ஆறே நாள். அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் பார்த்துத்தானா கோசிமோவுக்குப் பிடரி அரிக்க வேண்டும்? முதலில் கொசு என்று நினைத்தான். சொறிந்தான். சுகமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் தீப்பட்டதுபோல் எரிந்தது. தன் பிடரியைத் தானே பார்க்க முடியாதல்லவா, சட்டையைக் கழற்றிவிட்டு மனைவியைக் கூப்பிட்டான்.

நுன்சியா பார்த்தாள். அடுத்த கணம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"மாதாவே! சிலுவை!"

"எங்க?"

"உன் கழுத்துலதான். நேரா ஒரு கோடு, குறுக்க ஒரு கோடு. செக்கச்செவேல்னு தடிச்சுக் கெடக்கு."

அவள் குளியல் தொட்டியின் விளிம்பில் தொப்பென்று உட்கார்ந்தாள். "சொன்னேனா இல்லையா? அந்த முடிவெட்டுறவன் கண்ணு. நான் பூசுன அருவதா இலை அதைப் பிடிச்சு வெளிய தள்ளுது."

முடிவெட்டுகிறவன் என்றால் ஒரோன்சோ. பகலில் கத்தரிக்கோல், சாயங்காலத்தில் சாக்ஸபோன். ஊர் பேண்டில் திருவிழாத் தனிப்பாட்டைப் பதினோரு வருஷம் அவன்தான் வாசித்தான். இந்த வசந்தத்தில் பேண்டு மாஸ்டர், ஒரோன்சோவுக்கு மூச்சு முன்போல் நிற்கவில்லை என்று சொல்லி, பாட்டைக் கோசிமோவிடம் கொடுத்துவிட்டார். நகராட்சியில் குழாய் பழுது பார்க்கும் கோசிமோவுக்கு அன்று தலைகால் புரியவில்லை.

மறுநாளே ஒரோன்சோ சதுக்கத்தில் எதிரே வந்து, "பிரமாதமா வாசிக்கிறே" என்றான். அத்தோடு போய்விட்டான். அங்கேதான் வினை. அந்த ஊரில் யாரையாவது புகழ்ந்தால் கையோடு "கடவுள் காக்கட்டும்" என்று சேர்த்துவிட வேண்டும். குழந்தையைக் கொஞ்சினாலும் சரி, தக்காளி காய்த்ததை மெச்சினாலும் சரி. சேர்க்காத புகழ்ச்சி கண்ணேறுதான். கூடவே நடந்துகொண்டிருந்த நுன்சியா அந்த வார்த்தைக்காகப் பத்தடி தூரம் காத்திருந்து பார்த்தாள். வரவே இல்லை.

அதனால் முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை ஊர்வலத்துக்குக் கிளம்பும்போது, பால்கனித் தொட்டியிலிருந்து ஒரு கொத்து அருவதா இலையைக் கிள்ளிக் கசக்கி, கட்டைவிரலால் அவன் பிடரியில் சிலுவை போட்டாள். நாற்றம் மூக்கைத் துளைத்தது. கோசிமோவுக்குக் கூச்சமாகச் சிரிப்பு வந்தது, விட்டுவிட்டான். பிறகு நட்ட நடுப்பகலில் திறந்த காலரோடு ஊரெல்லாம் வாசித்துக்கொண்டு நடந்தான்.

இப்போது நுன்சியாவுக்குச் சந்தேகமே இல்லை. "ஒரு தடவை பத்தல. அவன் கண்ணு அவ்வளவு பொல்லாதது." செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு கொத்தாகக் கசக்கி, அதே கோட்டின் மேலேயே அழுத்திப் பூசினாள். கோசிமோ அன்று முழுவதும் கல்லறைச் சாலையில் வெடித்த குழாயின் மேல் குனிந்தபடி வெயிலுக்குப் பிடரியைக் காட்டிக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை இரவு சிலுவை முழுக்கக் கொப்புளம். குப்புறப் படுத்தான். தலையணை பட்டாலே உயிர் போனது. வியாழன் காலையில் சாக்ஸபோனை எடுத்து, அதைத் தாங்கும் கழுத்துப் பட்டையை மாட்டினான். பட்டை சரியாகச் சிலுவையின் நடுவில் உட்கார்ந்தது. மூன்றாவது வரிக்கு மேல் போக முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தனிப்பாட்டு வாசிக்கிறவன் எழுந்து நின்றுதான் வாசிக்க வேண்டும், அது மாஸ்டரின் சட்டம். நின்றால் பட்டை வேண்டும். பட்டை முடியாதென்றால் பாட்டு ஒரோன்சோவுக்கே திரும்பிப் போகும். பதினோரு வருஷம் காத்திருந்தது இதற்குத்தானா என்று கோசிமோவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

ஊர் கடையை மூடிச் சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்து, தெருவில் ஆளில்லாதபோது, மருந்துக்கடைக்குள் நுழைந்தான். உள்ளே நாற்காலியில் ஒருவன் ஆகஸ்டு மாத வெயிலில் கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துண்டோடு உட்கார்ந்திருந்தான். ஒரோன்சோ.

"என்ன, சளியா?" என்றான் கோசிமோ.

"ஆமா, சளி. நீ?"

"நானும்தான். இருமல்."

இரண்டு பேரும் மரியாதைக்கு ஒருமுறை இருமிக்கொண்டார்கள். மருந்துக்கடை லிசெத்தா அம்மாவுக்குப் பசி. கல்லாமேசைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள்.

"இருமல் வந்தவன் இப்படித் தலையை ஆட்டாம பொம்மை மாதிரி நிப்பானா? ரெண்டு பேரும் கழுத்தைக் காட்டுங்க. சீக்கிரம், எங்க வீட்ல பாஸ்தா ஊறிப்போய்க் கெடக்கும்."

துண்டு அவிழ்ந்தது. காலர் இறங்கியது. லிசெத்தா இந்தப் பிடரியைப் பார்த்தாள், அந்தப் பிடரியைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், கண்ணாடி அலமாரியில் புட்டிகள் கிணுகிணுத்தன. ஒரோன்சோவின் பிடரியிலும் ஒரு சிலுவை. கோடு கொஞ்சம் சாய்வு, சிவப்பு கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான்.

"அருவதாவா?"

இரண்டு பேரும் தலையைக் குனிந்தார்கள்.

"அந்தச் சாறு தோல்ல பட்டு, மேல வெயிலும் பட்டா வெந்துபோகும். இதுல கண்ணும் இல்ல, மூக்கும் இல்ல. கோசிமோ, நீங்க எத்தனை தடவை பூசினீங்க?"

"ரெண்டு."

"நல்லா வேணும். சோப்புப் போட்டுக் கழுவுங்க. வெயில்ல தலை காட்டக் கூடாது. ஈரத்துணி போடுங்க, இந்தக் களிம்பைத் தடவுங்க. கொப்புளத்தை உடைச்சீங்கன்னா என்கிட்ட வராதீங்க. ஒரு வாரம் பத்து நாள்ல காஞ்சிடும். ஆனா பழுப்புத் தழும்பு கிறிஸ்துமஸ் வரைக்கும் நிக்கும், ஞாபகார்த்தமா."

அவள் களிம்பு எடுக்க உள்ளே போனாள். கோசிமோ மெல்லக் கேட்டான்: "உனக்கு எதுக்குடா அருவதா? பாட்டு என்கிட்ட வந்தாச்சு. உன்மேல யாரு கண்ணு வைக்கப் போறா?"

"என் வீட்டுக்காரி ஆசுந்தா பூசினா. உன் கண்ணுதானாம்."

"என் கண்ணா!"

"பின்ன? பதினோரு வருஷம் நான் நின்னு வாசிச்சேன். நீ எனக்கு நேர் பின்னால உக்காந்து என் பிடரியையே பார்த்துக்கிட்டு இருந்தே. அது எனக்கு உறைக்காதுன்னு நினைச்சியா? உன் கண்ணு பட்டுத்தான் என் மூச்சு போச்சுங்கறா அவ. செடி கூட உங்க வீட்டுதுதான். வயித்து வலின்னு சொல்லி உன் பொண்டாட்டிகிட்டதான் வாங்கிட்டு வந்தா."

அது உண்மைதான். ஒரு வருஷத் திருவிழாவில் அந்தப் பிடரியைப் பார்த்தபடி, இவன் வாயிலிருக்கும் சாக்ஸபோன் நாணல் பிளந்தால் என்ன என்றுகூடக் கோசிமோ நினைத்திருக்கிறான். வெட்கமாக இருந்தது. வெட்கத்தில் முகம் சிவந்ததில் பிடரி இன்னும் எரிந்தது.

"என்னால பட்டையை மாட்ட முடியல, ஒரோன்சோ," என்றான். "உனக்கு லேசாத்தான் இருக்கு, கடை நிழல்லயே இருந்திருக்கே. ஞாயித்துக்கிழமை நீயே வாசிச்சிடு."

ஒரோன்சோ அவனை மேலும் கீழும் பார்த்தான். துண்டைச் சுற்றிக்கொண்டு போய்விட்டான்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் கோசிமோ ஜன்னல் கதவுகளைச் சாத்திக்கொண்டு இருட்டில் கிடந்தான். நுன்சியா மணிக்கொரு தரம் ஈரத்துணி மாற்றினாள்.

"நான்தான் உன்னைச் சுட்டுட்டேன்," என்று மூக்கை உறிஞ்சினாள்.

"நீ சிலுவைதானே போட்டே, வேற ஏதாவது வரைஞ்சிருந்தா ஊரு என்ன சொல்லியிருக்கும்?"

அவள் ஈரத்துணியாலேயே அவன் முதுகில் ஒன்று போட்டாள். இருவரும் சிரித்தார்கள். சனிக்கிழமை கொப்புளங்கள் சுருங்கி எரிச்சல் பாதியாகிவிட்டது, அரிப்பு மட்டும் பாக்கி. ஆசையோடு பட்டையை மாட்டிப் பார்த்தான். சாக்ஸபோனின் கனம் இறங்கியதும் பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றி வைத்தான்.

ஞாயிறு காலை ஊர்வலம் அவன் ஜன்னலுக்குக் கீழே வந்தது. புனித ரொக்கோ வழக்கம்போல அங்கியை ஒதுக்கித் தன் தொடைப் புண்ணைக் காட்டிக்கொண்டு, ஆட்களின் தோளில் ஆடி ஆடிப் போனார்.

"உமக்குப் புண் வந்த இடம் தேவலை, ஐயா. அங்க யாரும் பட்டை மாட்டறதில்ல," என்றான் கோசிமோ.

சாயங்காலம் வெயில் சாய்ந்ததும் சீருடை போட்டு, காலர் கொக்கியை மாட்டாமல் மேடைக்குப் பின்னால் போனான். தன்னால் முடியாதென்று மாஸ்டரிடம் சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் மாஸ்டரைப் பார்ப்பதற்குள் ஒரோன்சோ எதிரே வந்து நின்றான். கையில் ஏதோ தொங்கியது. இரண்டு தோளிலும் மாட்டுகிற வார், முதுகில் குறுக்காகத் தைத்து, முன்னால் சாக்ஸபோன் கொக்கி.

"கையைத் தூக்கு. கழுத்துக்கு இதுல வேலையே இல்ல. கனமெல்லாம் தோள்ல உக்காந்துடும். ரெண்டு நாளா தைச்சேன்."

மாட்டினான். சாக்ஸபோன் தொங்கியது. பிடரியில் காற்றுதான் பட்டது. கோசிமோ வாரைத் தடவினான். சிவப்பும் நீலமுமான அந்தக் கோடுகளை எங்கோ பார்த்திருக்கிறானே.

"டேய், இது நீ கால்சட்டை நழுவாம மாட்டிக்கிற வார் இல்ல?"

"வேற நல்ல எலாஸ்டிக் ஊர்ல எங்க இருக்கு? போ, போய் வாசி. என் மூச்சு நிஜமாவே போயிடுச்சுடா, எனக்குத் தெரியாதா? நான் இன்னிக்கு உக்காந்துதானே இருக்கப் போறேன்."

மேடை விளக்குகள் எரிந்தன. கோசிமோ எழுந்து நின்றான். மூச்சு வந்தது. மூன்றாவது வரி தாண்டியது, கடைசி வரியும் தாண்டியது. தனக்குப் பின்னால் ஒரோன்சோ உட்கார்ந்து தன் பிடரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அவனுக்குத் தெரியும். பார்க்கட்டும் என்றிருந்தது. மனசுக்கு அவ்வளவு சந்தோஷம்.

பாட்டு முடிந்ததும் சதுக்கம் கைதட்டலில் அதிர்ந்தது. பேண்டு முழுவதும் எழுந்து நிற்கச் சொல்லி மாஸ்டர் கையை உயர்த்தினார். எல்லோரும் எழுந்தார்கள், ஒரோன்சோவைத் தவிர. மாஸ்டர் முறைத்தார், மறுபடி கையை உயர்த்தினார். ஒரோன்சோ ஒரு கையில் சாக்ஸபோனும் மறு கையில் கால்சட்டையின் இடுப்புமாக மெதுவாக எழுந்தான்.

"பிரமாதம்டா கோசிமோ!" என்று கைதட்டலுக்கு மேலே கத்தினான். முன்வரிசையில் நுன்சியா சட்டென்று நிமிர்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"கடவுள் காக்கட்டும்!" என்றான் ஒரோன்சோ, கால்சட்டையை ஒருமுறை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு.