முழ நீளக் கபர்கள்

கள்ளக்குறிச்சி கபரஸ்தானில் ரியாசுதீனுக்கு இரண்டு கபர்கள் உண்டு. ஆள் இன்னும் உயிரோடு தன் கறிக்கடையில் நிற்கிறான். ஒவ்வொரு கபரும் ஒரு முழ நீளம். இரண்டிலும் இருப்பது அவனுடைய வலது கை.

முதல் கையை அவன் வெட்டியது, மனைவி ஷாஜியாவின் முன்பற்கள் இரண்டு விழுந்த மறுநாள். குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று தொடங்கிய பேச்சு அது. அதற்கு முன்பே அந்தக் கை பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டரின் காதைக் கிழித்திருந்தது. தம்பி நவுஷாத்தின் இடது கண்ணை அவித்திருந்தது. ஒவ்வொரு தடவையும் அழுதான். மிளகாயை விட்டான், டீயை விட்டான். கோபம் வந்தால் நூறு வரை எண்ணிப் பார்த்தான். தொண்ணூறு வருவதற்குள் எதிரில் நின்றவர் தரையில் கிடந்தார். "நான் அடிக்கல, கை அடிச்சிருச்சி" என்பான். அதை அவன் நம்பவும் செய்தான். அதனால்தான் வலது கையைக் கடையில் கறி வெட்டும் புளியமரக் கட்டையில் வைத்து, தொடை வெட்டும் கத்தியால் மணிக்கட்டுக்கு மேல் ஒரே போடு போட்டான். ரத்தம் எதிர்க்கடை ஷட்டர் வரை தெறித்தது.

வெட்டுப்பட்ட உறுப்பைத் துணியில் சுற்றி அடக்கம் செய்வது முறை. உரியவன் உயிரோடு இருப்பதால் தொழுகை கிடையாது. நாற்பதாம் நாள் புதுக் கை முளைத்தது. கட்டைவிரல் தழும்புகூட இடம் மாறவில்லை. அன்று சாயங்காலமே அது ஷாஜியாவின் தாடையை உடைத்தது. அவள் மணலூர்பேட்டையில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவன் மறுபடி வெட்டிக்கொண்டு குழி கேட்டு வந்தபோது பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லி ஷேக் பரீத் தன் தலையில் கை வைத்தார். "ஒரு ஆளுக்கு ஒரு குழிதான்டா கணக்கு. நீ இன்னா, தவணையில மவுத்தாயிக்கினு இருக்கிற?"

இடம் கொடுத்தார். ஆனால் புதைத்த கைகள் சும்மா கிடக்கவில்லை. உள்ளிருந்து மண்ணைக் குத்தின. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு வருகிறவர்கள் அந்தச் சத்தத்துக்குப் பழகிக்கொண்டார்கள். மூன்றாவதாக முளைத்த கையையும் வெட்டி, அவன் சாக்கில் கட்டி கோமுகி அணையில் போட்டான். கல்வராயன் மலையில் மழை பிடித்து அணை நிரம்பிய வாரம் அது மேலே வந்து இரண்டு பரிசல்களை உடைத்தது. மீன் பிடிக்கும் பொன்னுரங்கத்தின் மூக்கையும் உடைத்தது.

நான்காவது முளைப்பதற்குள் ரியாசுதீன் மணலூர்பேட்டைக்குப் பஸ் ஏறினான். ஷாஜியா தையல் மெஷினில் இருந்தாள். மொட்டைக் கையைக் காட்டி, "இனிமே அடிக்கிற கை இல்ல ஷாஜி, வூட்டுக்கு வா" என்றான்.

உடைந்து கூடிய தாடையால் அவள் மெதுவாகத்தான் பேசினாள். "முளைக்கும். கை அடிச்சிச்சி, கை அடிச்சிச்சின்னு எத்தினி வாட்டி சொல்லுவீங்க? அது இன்னா, தனியாவா பஸ் ஏறி வந்துச்சு?"

மதிய லுஹர் பாங்கிலிருந்து சாயங்கால அசர் பாங்கு வரை அவன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். பிறகு சொன்னான்: "பல்லு ரெண்டும் நான்தான் ஒடச்சேன்." முதல் விரல் முளைத்தது. "தாடையும் நான்தான்." அடுத்த விரல். "நவுஷாத் கண்ணு, நான்." கண்டக்டரின் காதும் பொன்னுரங்கத்தின் மூக்கும் சொல்லி முடிப்பதற்குள் முழுக் கையும் வந்துவிட்டது. அதே தழும்பு.

ஷாஜியா இஞ்ச் டேப்பை எடுத்து அவன் தோளிலிருந்து விரல் நுனி வரை அளந்தாள். ஒரு சாண் கூட்டிக்கொண்டாள். "உங்களத் திருத்தறது என் வேல இல்லிங்க. நான் எங்க நிக்கணும்னு தெரிஞ்சா போதும்."

அவன் தனியே திரும்பினான். கோபம் போகவில்லை, போகும் என்று எதிர்பார்ப்பதையும் விட்டுவிட்டான். விரல்கள் மடங்கத் தொடங்கினால், "எனக்கு வருது, தள்ளுங்க" என்று உரக்கச் சொல்லிவிட்டு வெறுங்கையால் கட்டையைக் குத்துகிறான், விரல் முட்டி பிளக்கும் வரை. வருடத்துக்கு மூன்று கட்டை பிளக்கிறது. வாங்க வந்தவர்கள் ஓரமாக நின்று, ரத்தத்தை அவன் கழுவி முடித்ததும், "கால் கிலோ ஈரலும் போடுங்க பாய்" என்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் குத்திக்கொண்டிருக்கும் இரண்டு கபர்களுக்கும் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருகிறான். புதிதாக வருகிறவர்கள் அது என்ன சத்தம் என்று கேட்டால், "என்னுது" என்கிறான்.

மூன்று வருடம் கழித்து ஷாஜியா மெஷினோடு கள்ளக்குறிச்சிக்கு வந்து, கடையை ஒட்டிய அறையைத் தன் பெயரில் வாடகைக்கு எடுத்தாள். அவன் நிற்கிற இடத்திலிருந்து அன்றைய அளவையே டேப்பில் அளந்து தரையில் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு போட்டாள். மழைக்காலத்தில் கோடு மங்கும்போதெல்லாம் பெயின்ட் வாங்கி வருவது ரியாசுதீன்தான்.