படலுக்கு இந்தப் பக்கம்

நாயுடுபுரத்துக்குக் கீழே பன்றி வளர்த்த அம்சவள்ளியின் பட்டி அன்று காலியாகக் கிடந்தது, கண்ணுகளா. காய்ச்சல் கண்டு, காது நீலம் பாரித்துச் சில பன்றிகள் செத்தன. பன்றிக்குப் பன்றி பரவும், மருந்தில்லாத நோய் என்று சொல்லி, மிச்சத்தையும் அதிகாரிகள் கொன்று புதைத்துவிட்டார்கள்.

துக்கம் கேட்க, பூம்பாறையிலிருந்து அக்கா பெத்தம்மாள் சோற்றுத் தூக்கோடு வந்தாள். அம்சவள்ளி படலைத் திறக்கவில்லை.

"மனுசருக்கு ஒட்டாதுன்னு டாக்டரே சொன்னாருல்ல? தெறடி!"

"ஒனக்கு ஒட்டாதுக்கா. இந்தச் சேறு ஒஞ்செருப்புல ஒட்டி வந்தா, ஒஞ் சினைப்பன்னி கெதி என்ன?"

அந்தப் பன்றியை நம்பித்தான் அக்கா வீட்டில் அடுப்பு எரிந்தது. அவள் செருப்பைக் கழற்றினாள்.

"வெறுங்காலோட வாரேன்."

"போறப்ப காலை வெட்டிப் போட்டுட்டுப் போவியா?"

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அப்ப நீ எப்பத்தான் வெளிய வருவ?"

"தெரியலக்கா. என் காலும் இந்தச் சேத்துலதான கெடக்கு."

பெத்தம்மாள் தூக்கைப் படலுக்கு மேலே நீட்டினாள்.

"உள்ள வந்தா இது திரும்பாதுக்கா."

"வச்சுக்கடி. ஒனக்குத் தொணைக்குக் கெடக்கட்டும்."

கை படாமல் வாங்கி, அம்சவள்ளி படலோரமே உட்கார்ந்து சாப்பிட்டாள். பூம்பாறை பஸ் வந்தது, போனது. தங்கை கடைசிக் கவளத்தை விழுங்கும்வரை அக்கா ரோட்டிலேயே நின்றாள்.