எதுக்கும் இருக்கட்டும்

ஆவுடையப்பன் வாங்கிய வீட்டு வண்டி வெளியே பார்க்க ஒரு பால் வேன் அளவுதான் இருந்தது. உள்ளே அது எவ்வளவு நீளம் என்பது ஏற்றுகிற சாமானைப் பொறுத்தது. எல்லா வீட்டு வண்டிகளும் அப்படித்தான். விற்றவன் இதை மறைக்கவில்லை.

"ஏத்த ஏத்த நீளும் அண்ணாச்சி. உள்ள நடைதான் கூடும். டீசல் கூடாது," என்றான்.

டீசல் கூடாது என்றதும் ஆவுடையப்பன் வாங்கிவிட்டார்.

வேலைக்காலம் முழுக்க அவர் கூட்ஸ் ரயிலில் கார்டாக இருந்தவர். கார்டு என்றால் கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து போக வேண்டும். முன்னால் நிலக்கரி. அதற்கும் முன்னால் நிலக்கரி. எங்கேயோ எஞ்சினில் ஒரு மனுஷன். பேச ஆள் கிடையாது. ரிட்டயர் ஆன கையோடு நெஞ்சுவலி வந்தது. நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு கம்பி வைத்து அனுப்பினார்கள். பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் மனைவி பிரம்மசக்தியிடம் பேசினார்.

"ஒரு வருசம் ரோட்டுலயே இருப்போம். நான் ஓட்டுதேன். நீ பக்கத்துல இரு. கைய நீட்டுனா ஆள் தட்டுப்படணும். அம்புட்டுதான் எனக்கு வேணும்."

பிரம்மசக்திக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை காலம் கழித்து ஒரு ஆம்பளை வாய் திறந்து சொல்லுகிறார் என்றால் சும்மாவா? சரி என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சாமான் கட்ட ஆரம்பித்தாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அடுத்த தெருக் கல்யாணத்துக்கே குடை, ஜெலுசில், மாற்றுச் செருப்பு, ஊசிநூல் எல்லாம் கொண்டுபோகிறவள் அவள். ஒரு வருஷப் பயணத்துக்கு விடுவாளா? அரிசி, பருப்பு, இட்லிச் சட்டி ஏறின. சரி, நியாயம். குக்கருக்கு இரண்டாவது வாஷர் ஏறியது. அதுவும் நியாயம். பிறகு இரண்டாவது அம்மி ஏறியது. முதல் அம்மி உடைந்தால் என்ன செய்ய என்று கேட்டாள். அம்மி உடைந்து யார் பார்த்திருக்கிறார்கள்?

"எதுக்கும் இருக்கட்டும்," என்றாள்.

வாசல்படியைப் பெயர்த்து ஏற்றினாள். படி இல்லாமல் எங்கே கோலம் போடுவதாம்? வடக்கே எந்தத் தண்ணீரிலும் பருப்பு வேகாது என்று தாமிரபரணியில் ஒரு துண்டை வெட்டி, பட்டுச்சேலை மடிப்பதுபோல மடித்து, ஈயப் பாத்திரத்துக்குள் வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் வண்டி உள்ளே கொஞ்சம் நீண்டது. ஆவுடையப்பன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடி கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊருக்குப் போகிறாள் என்று தெரிந்தால் நம் ஆட்கள் சும்மா விடுவார்களா? மாடிவீட்டு லூர்தம்மாள் ஒரு ஓலைக்கூடையோடு வந்தாள். கூடைக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"கான்பூர்ல எங்க நாத்தனா இருக்கா. அவ கூட ஒரு சண்டை பாதியில நிக்கு. கொடுத்துருங்க."

"அட்ரஸ்?"

"குரல் கேட்டாத் தெரியும்."

மதினி சிவகாமி ஒரு டிபன் டப்பா கொண்டுவந்தாள். நாக்பூரில் அவள் தூரத்து உறவில் ஒரு சாவு. துட்டி கேட்கப் போக முடியவில்லை. தன் பங்கு அழுகையை டப்பாவில் போட்டு மூடிக் கொடுத்துவிட்டாள். "சாய்ச்சிராத, சிந்திரும்," என்றாள்.

கொடுத்துவிடுகிற சாமானை வேண்டாம் என்று சொல்லுகிற வழக்கம் நமக்குக் கிடையாது. பிரம்மசக்தி வாங்கிக்கொண்டாள்.

காலையில் கிளம்பினார்கள். தாழையூத்து தாண்டியதும் நடுரோட்டில் ஒருத்தர் கையைக் காட்டிக்கொண்டு நின்றார். பிரம்மசக்தியின் அண்ணன் பேச்சிமுத்து. கையில் ஜவுளிக்கடைப் பை. ஜன்னல் வழியாக நீட்டினார்.

"இது என்னண்ணே?"

"கோடி."

புருஷன் செத்தால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போர்த்துகிற புதுச்சேலை அது. கூடப்பிறந்தவன்தான் கொண்டுவர வேண்டும்.

"அவுக உயிரோடதான இருக்காக," என்றாள்.

"இருக்கட்டும், நல்லா இருக்கட்டும். நான் வேண்டாம்னா சொன்னேன்? மாப்ளைக்கு நெஞ்சுல கம்பி இருக்குல்லா. நீங்க பாட்டுக்கு வடக்க எங்கயாவது போயிருவிய. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு லீவு கெடைக்கணும், ரயில்ல எடம் கெடைக்கணும். அதான் முன்கூட்டியே. எதுக்கும் இருக்கட்டும்."

"அண்ணே..."

"நூல் சேலைதான். நிறம் பிடிக்கலன்னா மாத்திக் கொடுப்பான்."

பேச்சிமுத்து நல்ல மனுஷன். தங்கச்சிமேல் உயிர். அதனால்தான் இப்படி. மாப்பிள்ளைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

"மச்சான் என்ன கொடுத்தாக?" என்றார் ஆவுடையப்பன்.

"முறுக்கு."

"ஒண்ணு கொடேன்."

"பெறவு."

பையை எடுத்துக்கொண்டு வண்டியின் பின்பக்கம் போனாள். அடுப்புக்குப் பக்கத்தில், சாக்குகளுக்கு அடியில் தள்ளினாள். நிமிர்ந்து திரும்பிப் பார்த்தாள். ஆவுடையப்பன் பொட்டுப்போலத் தெரிந்தார். அவருடைய வழுக்கைத்தலை ஒரு கடுகு.

"ஏங்க!" என்று கத்தினாள்.

பதில் வந்து சேர வெகுநேரம் ஆனது. "என்னட்டி?" என்று மட்டும் வந்தது. அதுவும் ஈனக்குரலில்.

அவள் நடக்க ஆரம்பித்தாள். முதல் அம்மியைத் தாண்டினாள். இரண்டாவது அம்மி வர அரைமணி ஆனது. மடித்து வைத்த தாமிரபரணி பாத்திரத்தை மீறி வழிந்து கிடந்தது. சேலையைத் தூக்கிக்கொண்டு இறங்கிக் கடந்தாள். ஓலைக்கூடை அவளைப் பார்த்து, "வந்துட்டா மகாராணி," என்றது. அவள் நடக்க நடக்க ஆவுடையப்பன் இன்னும் சின்னதாகிக்கொண்டே போனார். கையை நீட்டினால் ஆள் தட்டுப்பட வேண்டும் என்று கேட்ட மனுஷன் அங்கே தன்னந்தனியாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

வழியில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். அவர்கள் தெரு பிளம்பர் தாசையா.

"நீ இங்க என்ன பண்ணுத?"

"நீங்கதான் அக்கா ஏத்துனிய. வடக்க குழாய் ஒழுகுனா எவன் வருவான்னிய. எதுக்கும் இருக்கட்டும்னிய."

"நீ ஒண்ணும் சொல்லலியா?"

"டீ குடிச்சிட்டிருந்தேன். கிளாஸோட தூக்கிட்டிய."

அவள் வாளி ஓரத்தில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். "முன்னால போவணும் தாசையா."

"சீக்கிரம் போங்க. மதுரைக்கு முன்னால ரோடு ரெண்டாப் பிரியும். இம்புட்டு நீள வண்டி பிரிவு ரோட்டுல திரும்பாது. அத்துக்கிடும். முன்பாதி ஒரு ரோட்டுல போவும், பின்பாதி ஒரு ரோட்டுல போவும்."

"பெறவு சேராதா?"

"எங்க மாமா வண்டி அப்படித்தான் ஆச்சு. அவரு குஜராத்துல இருக்காரு. அத்தை ஆந்திராவுல. நல்லாத்தான் இருக்காங்க."

"பேசிக்கிடுவாங்களா?"

"பொங்கலுக்கு."

பிரம்மசக்தி எழுந்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். வந்த வழியே திரும்பி, அம்மியைத் தூக்கி ஜன்னல் வழியாக வெளியே போட்டாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிச் சுருங்கியது. ஆகா! நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கினதுபோல இருந்தது. கல்தானே இறங்கியது.

தாசையாவும் ஒரு கை கொடுத்தான். அடுத்த அம்மி போயிற்று. வாசல்படி போயிற்று. ரோட்டோரம் படியே இல்லாத ஒரு புதுவீட்டுக்காரர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இம்புட்டு நேரமா?" என்று கடிந்தார். டோல்கேட்டில் கட்டம் போட்ட சட்டைக்காரி ஒருத்தி யாரிடமாவது சண்டை போட மாட்டோமா என்று நின்றாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பிரம்மசக்தி ஓலைக்கூடையை நீட்டினாள். மூடியைத் திறந்ததும் இரண்டு தரப்பும் ஆரம்பித்துவிட்டன. சட்டைக்காரி முகத்தில் அப்படி ஒரு களை.

சாத்தூர்ப் பாலத்தில் ஆற்றை எடுத்து உதறினாள். வைப்பாறு மணலும் முள்ளுமாகக் கிடந்தது. தாமிரபரணித் துண்டு அதற்குள் விழுந்து, கொஞ்சநேரம் திகைத்து நின்றுவிட்டு, கிழக்குப் பார்த்து ஓட ஆரம்பித்தது. பாலத்தில் நின்றவர்கள் செருப்பைக் கழற்றினார்கள்.

"முறுக்கு என்னாச்சு?" என்று முன்னாலிருந்து குரல் வந்தது. இப்போது கொஞ்சம் தெளிவாகவே கேட்டது. "சாத்தூர் வந்துட்டு. சேவு வேணா வாங்கிக்கிடவா?"

"ஒண்ணும் வாங்காதிய!" என்று அலறினாள்.

பந்தல் போட்ட ஒரு வீட்டுக்கு முன்னால் வேகத்தடை வந்தது. வண்டி மெதுவாகப் போனது. வாசலில் ஒரு பெண் நின்றாள். பிரம்மசக்தி டிபன் டப்பாவை நீட்டினாள்.

"யாரு கொடுத்துவிட்டது?"

"எங்க மதினி."

"எங்களுக்கா?"

"இங்க தவறுனது யாரு?"

"எங்க மாமனார்."

"அப்ப உங்களுக்குத்தான்."

அந்தப் பெண் திறந்து பார்த்தாள். "நல்ல அழுகை. எங்க வீட்டுல யாருக்கும் வரவே மாட்டேங்குது," என்று உள்ளே கொண்டுபோனாள். கொஞ்சதூரத்தில் ஒரு தண்ணீர்த்தொட்டி பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தது. தாசையா அதைப் பார்த்ததும் வாளியையும் டீ கிளாஸையும் தூக்கிக்கொண்டு குதித்துவிட்டான். "வாரேன்க்கா," என்றான். அவனுக்கும் விடுதலை.

மசாலா டப்பாக்கள், தலையணைகள், கரித்துணி நாலு, குடைகள், கொசுவலை என்று எல்லாம் போயிற்று. அடுப்பும் ஒரு பாத்திரமும் கொஞ்சம் அரிசியும் மிஞ்சின. ஆனாலும் வண்டி ஒரு ரயில்வே பிளாட்பாரம் நீளத்துக்குக் கிடந்தது. இந்த நீளம் முழுக்க அந்தப் பையினுடையது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

அடுப்புப் பக்கத்தில் கிடந்த பையை எடுத்து வெளியே எறிந்தாள். காற்று அதைத் திருப்பிக் கொண்டுவந்து மடியில் போட்டது. மறுபடி எறிந்தாள். பைக்கில் வந்த ஒருத்தர் விரட்டிப் பிடித்துக் கொடுத்தார்.

"அம்மா, கோடியை விட்டுட்டுப் போறீங்க."

"வேண்டாம்யா!"

"பொறந்த வீட்டுச் சீரை வேண்டாம்னு சொல்லக்கூடாதும்மா," என்று ஹெல்மெட்டைத் தொட்டுவிட்டுப் போனார்.

அவள் அடுப்பு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பசிக்குமே அவருக்கு என்று ஏற்கெனவே உலை வைத்திருந்தாள். மனசு ஆறவில்லை. இதை எதற்கு வாங்கினேன்? அண்ணன் கொடுத்தார், வாங்கினேன். அது மட்டுமா? ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்த நாளிலிருந்து உள்ளுக்குள்ளே இதைத்தானே மடித்து வைத்திருந்தேன்? வாய்விட்டே அழுதாள். தூரத்தில் பிரிவு ரோட்டின் பச்சைப் பலகை தெரிந்தது.

சோறு பொங்கியது. பொங்கி வழிந்து அடுப்பை அணைக்கப் பார்த்தது. "ஐயோ சோறு!" என்று எழுந்தாள். பாத்திரத்தை இறக்கக் கரித்துணியைத் தேடினாள். நாலையும் எறிந்தாயிற்று. கைக்கு அகப்பட்டது அந்தச் சேலைதான். அதன் ஓரத்தைப் பல்லில் கடித்துப் பறபறவென்று கிழித்தாள். ஒரு துண்டு இந்தக் கைக்கு, ஒரு துண்டு அந்தக் கைக்கு. பாத்திரத்தை இறக்கினாள்.

கிழித்துக் கரித்துணி ஆக்கின சேலையைக் கோடி என்று எந்த அண்ணனாலும் சொல்ல முடியாது.

அவள் ஒரு அடி நடக்கவில்லை. ஸ்டியரிங்தான் அவளிடம் வந்தது. சோற்றுப் பாத்திரத்தோடு நிமிர்ந்தபோது ஆவுடையப்பனின் வழுக்கைத்தலை மூக்குக்கு நேரே இருந்தது. பின்கழுத்தில் வியர்வை. அதைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது.

"வந்துட்டியா," என்றார்.

"வந்துட்டேன்."

"முறுக்கு?"

"முறுக்கு இல்ல. கோடி."

"யாருக்கு?"

"உங்களுக்காகத்தான், எனக்கு."

அவர் கியரை மாற்றினார். பிரிவு வந்தது. வண்டி முழுசாக, ஒரே வண்டியாக, இடதுபக்கம் திரும்பியது.

"என்ன நிறம்?"

"மாம்பழ மஞ்சள்."

"அந்த நிறம் உனக்கு எடுப்பா இருக்காதே," என்றார். "மச்சானுக்கு நிறமே தெரியாது."

ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார்கள். உள்ளே இரண்டு பேர் உட்காரத்தான் இடம், அதுவும் தோள் இடிக்க. சோற்றைப் போட்டுக்கொண்டார்கள். ஆவுடையப்பன் ஒரு வாய் வைத்தார். மென்றார். சுற்றிப் பார்த்தார்.

"உப்பு?"

"அதும் போயிட்டு."

அவர் இன்னொரு வாய் அள்ளினார். "டாக்டர் உப்பக் குறைங்கன்னு தொண்டத்தண்ணி வத்த வத்தச் சொன்னாரு. இன்னைக்குத்தான் நடக்கு," என்றார்.

பிரம்மசக்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துப் புரையேறி அவர் தோளில் சாய்ந்தாள். சாய்வதற்கு வேறு இடமும் இல்லை.